ரிச்சி தெருவுக்குப் போகும் முன்: வெளிநாட்டுப் பயணத்துக்கு அடாப்டர் வாங்குவது எப்படி?

எங்கள் அபார்ட்மென்டில் யாராவது வெளிநாடு கிளம்பினால், கடைசி வாரத்தில் எங்கள் வீட்டு அழைப்பு மணி ஒருமுறையாவது அடிக்கும். பருப்புப் பொடி கட்டியாகிவிட்டது, ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் சுற்றியாகிவிட்டது, பெட்டியை மூன்று முறை எடை போட்டாகிவிட்டது. "அடாப்டர் மட்டும்தான் பாக்கி அண்ணா, எது வாங்கலாம்?" நம் ஊர் பிளக்கை வெளிநாட்டுச் சுவரில் செருக வைக்கும் அந்தச் சின்ன இணைப்பைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் வந்த பையன் வாங்கிவிட்டே வந்தான். சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்று. பக்கத்தில் இருக்கும் குமிழைத் தள்ளினால் ஒவ்வொரு நாட்டுப் பின்னாக வெளியே நீளும். 150 நாடுகளுக்குப் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவன் போவது மான்செஸ்டருக்கு, ஒரு வருடப் படிப்புக்கு.

"மீதி 149 நாட்டுக்கு எப்ப கிளம்புறே?" என்றேன். சிரித்தான். சரி என்று அவனுடைய லேப்டாப் சார்ஜரைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மூன்று பின் பிளக்கை அந்த டப்பாவில் செருகப் பார்த்தேன். போகவில்லை. நம் ஊர் பிளக்கின் மேல் பின், அதாவது தடிமனான எர்த் பின், நுழைய அதில் துளையே இல்லை. 150 நாடுகளுக்குப் போகும் டப்பாவால் சென்னையிலிருந்து கிளம்ப முடியவில்லை.

இது அவன் தவறு இல்லை. நாம் எல்லோரும் அடாப்டரில் இருந்துதான் தொடங்குகிறோம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப் போகும் பொருள் முதலில், போகும் நாடு இரண்டாவது, அடாப்டர் மூன்றாவது.

கட்டிலில் பரப்பி வைத்து லேபிளைப் படியுங்கள்

சார்ஜர், டிரிம்மர், லேப்டாப், கேமரா என்று கரண்ட் தேவைப்படும் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த வரியில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை இல்லை. உலகத்தில் எந்த ஊரிலும் அது வேலை செய்யும். பின் மட்டும் பொருந்தினால் போதும். இன்றைய போன் சார்ஜர்கள், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று ஒரே எண் மட்டும் இருந்தால் நிதானியுங்கள். அந்தப் பொருள் நம் ஊர் கரண்டுக்கென்றே செய்தது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் ஓடும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கே ஓடாது, அல்லது ஓடுவதுபோல் பாவனை செய்யும்.

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜை மாற்றுவது கன்வெர்ட்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர். அது வேறு பொருள், வேறு விலை, வேறு எடை. கடையில் இரண்டையும் கலந்து பேசுவார்கள், நீங்கள் கலந்துவிடாதீர்கள்.

என் சித்தி நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போனபோது நம் ஊர் மிக்ஸியைக் கொண்டு போனார். அடாப்டர் போட்டதும் பொருந்தியது, சுவிட்சைப் போட்டதும் சுற்றியது. ஆனால் தேங்காயைப் போட்டதும் ஜாரின் அடியில் முனகல்தான் கேட்டது. பாதி வோல்டேஜில் மோட்டாருக்கு வலு எங்கிருந்து வரும்? மூன்று மாதமும் சட்னி, திப்பியாகத்தான் வந்தது என்று இன்றும் சொல்லிக்காட்டுவார். அமெரிக்கக் கரண்டுக்கென்றே, 110 வோல்ட் என்று போட்டுச் செய்த மிக்ஸி சென்னையிலேயே கிடைக்கிறது. அமெரிக்கா போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரை நம்பி 750 வாட்ஸ் மிக்ஸியைத் தூக்கிப் போவது, மிக்ஸிக்குத் துணையாக இன்னொரு கல்லுரலைத் தூக்கிப் போவதற்குச் சமம்.

சூடாக்கும் பொருள்களின் கணக்கு இன்னும் மோசம். வோல்டேஜ் ஏறக்குறைய பாதியானால் சூடு கால் பங்குக்குச் சற்று மேலேதான் இருக்கும். 230 வோல்ட்டில் 1500 வாட்ஸ் தரும் கெட்டில், 120 வோல்ட்டில் சுமார் 400 வாட்ஸ்தான் தரும். காபிக்கு வெந்நீர் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே கொண்டுவந்து செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தி பாயும். புகை வர அதிக நேரம் ஆகாது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தனியாகப் பாருங்கள். மூச்சுத் திணறலுக்கு மருந்து தர வீட்டில் வைத்திருக்கும் கம்ப்ரஸர் வகை நெபுலைசர் பலவும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மட்டுமானவை. மருந்துப் பையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். தேவைப்படும் இரவில்தான் தெரியும். குறட்டைக்குப் போடும் சிபாப் இயந்திரங்கள் பெரும்பாலும் 100-240 ரகம். இருந்தாலும் லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த ஊரில் எந்தப் பின்?

உலகில் பிளக் வகைகளுக்கு ஏ முதல் ஓ வரை 15 எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தேவை ஒன்றோ இரண்டோதான்.

நம் வீட்டில் இருக்கும் மூன்று உருண்டைப் பின் 'டி' வகை. ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய பின் 'எம்' வகை. இரண்டும் பிரிட்டனின் பழைய வடிவத்தில் இருந்து வந்தவை. பிரிட்டன் 1947-ல் சதுரப் பின் பிளக்குக்கான புதிய தரத்தை வெளியிட்டது. நம்மை விட்டுப் போன அதே வருடம்! அவர்கள் பழைய பின்னை விட்டுவிட்டார்கள், நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

அந்தச் சதுரப் பின்தான் 'ஜி' வகை. தட்டையாக, தடியாக மூன்று பின். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், சவுதி எல்லா இடத்திலும் இதுதான். வோல்டேஜும் பெரும்பாலும் நம் ஊர் அளவை ஒட்டியே இருக்கும். நம் ஊரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் போகும் பலருக்கு இந்த ஒன்று போதும். இலங்கையில் பழைய கட்டடங்களில் நம் ஊர் உருண்டைப் பின்னும் போகும், புதியவற்றில் ஜி வகை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மெல்லிய தகடு போல இரண்டு பின் (ஏ), அல்லது அதோடு ஓர் உருண்டை எர்த் பின் (பி). ஜப்பானில் பெரும்பாலும் ஏ.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற இடங்களில் இரண்டு உருண்டைத் துளை. நம் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் பெரும்பாலும் அப்படியே போய்விடும், சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும்கூட. சிக்கல் மூன்று பின் பிளக்கில்தான். ஜெர்மன் பிளக் பாயிண்ட் சுவருக்குள் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். நம் டப்பா அடாப்டரின் சதுர உடம்பு அந்தக் குழிக்குள் இறங்காமல் தொங்கும். அங்கே போகிறவர்கள் உருண்டை முகம் கொண்ட அடாப்டராகப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: சாய்ந்த தட்டைப் பின், 'ஐ' வகை, 230 வோல்ட். தாய்லாந்தில் பெரும்பாலான பிளக் பாயிண்ட்டுகள் தட்டை, உருண்டை இரண்டையும் ஏற்கும்.

மூன்றாவது துளைக்கு ஒரு வேலை உண்டு

நான் முதல்முறை சிங்கப்பூர் போனபோது கையில் இருந்ததும் சோப்பு டப்பாதான். எந்தக் கடையில் வாங்கினேன் என்பது இப்போது வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு ஓட்டலில் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு மெயில் பார்க்க உட்கார்ந்தேன். மணிக்கட்டு லேப்டாப்பின் உலோக விளிம்பில் பட்ட இடத்தில் சுருக்கென்று எறும்பு ஊறுவது போல இருந்தது. கையை எடுத்தால் இல்லை, வைத்தால் இருக்கிறது. களைப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டேன். மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் வாடையில் விழிப்பு வந்தது. தொட்டால் கை வைக்க முடியாத சூடு. குமிழின் பூட்டு தளர்ந்து, பின்கள் பாதி உள்ளே போய், அரைகுறைத் தொடர்பில் பொறிந்துகொண்டிருந்தது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. சூட்டுக்குக் காரணம் தளர்ந்த பின். எறும்பு ஊறலுக்குக் காரணம் எர்த் இல்லாதது. மூன்று பின் சார்ஜரில் சிறிதளவு கசிவு மின்சாரம் எப்போதும் உண்டு. எர்த் இருந்தால் அது வழியாக இறங்கிவிடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வந்து நம் கையைத் தேடும். அந்த அளவில் உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் இஸ்திரிப் பெட்டி போன்ற பொருளில் உள்ளே ஒயர் விட்டுப்போனால் நம்மைக் காப்பாற்ற வேண்டியதே அந்த எர்த்தான். அது இல்லாத அடாப்டரில் இஸ்திரிப் பெட்டியைப் போடாதீர்கள்.

எதற்கு எர்த் வேண்டாம்? லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள பொருள். போன் சார்ஜர்களில் பார்க்கலாம். அவற்றுக்கு இரண்டு பின் போதும்.

கடையில் என்ன கேட்பது, எப்படிப் பார்ப்பது

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் தெரு, அங்கே எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். விமான நிலையத்தில் வாங்கலாம் என்று விட்டுவைக்கவும் வேண்டாம். அங்கே பார்த்து வாங்க நேரமும் இருக்காது, விலையும் கூட.

கடைக்காரரிடம் யுனிவர்சல் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "யுகே பிளக் வேணும், நம்ம ஊர் த்ரீ பின் அப்படியே போகணும், எர்த் கனெக்ஷனோட" என்று கேளுங்கள். ஒரு நாட்டுக்கான தனி அடாப்டர் சில நூறு ரூபாய்க்குள் வரும். நகரும் பாகம் எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் வழி குறைவு.

உங்கள் சார்ஜரைக் கையோடு கொண்டு போங்கள். செருகிப் பாருங்கள். இறுக்கமாக உட்கார வேண்டும். அடாப்டரைத் தலைகீழாகப் பிடித்தால் பிளக் நழுவக் கூடாது. லொடலொட என்று ஆடினால் எடுத்து வைத்துவிடுங்கள், ஆட்டம்தான் பின்னால் சூடாகிறது.

அடுத்தது மல்டிமீட்டர், கரண்டைச் சோதிக்கும் கருவி. ரிச்சி தெருவில் அது இல்லாத கவுண்டரைக் காண்பது அரிது. அதைக் கன்டின்யூட்டியில், அதாவது இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு கம்பியை அடாப்டரின் எர்த் துளையிலும் மறு கம்பியை அதன் எர்த் பின்னிலும் வைக்கச் சொல்லுங்கள். 'பீப்' என்று ஒலித்தால் உள்ளே தகடு இருக்கிறது. சத்தம் வராவிட்டால் அந்த மூன்றாவது துளை வெறும் அலங்காரம். ஒருமுறை வரிசையாக நான்கு அடாப்டர்களை வைத்துப் பார்த்தோம், இரண்டு ஊமை. "சார், யாருமே இதைக் கேட்டதில்ல" என்றார் கடைக்காரர். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடையில் வாங்க வேண்டாம்.

ஜி வகையில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. கீழே இருக்கும் இரண்டு பின்களின் அடிப்பகுதியில் பாதி வரை கறுப்பு உறை இருக்க வேண்டும், செருகும்போது விரல் பட்டால் ஷாக் அடிக்காமல் இருக்க. மேலே இருக்கும் எர்த் பின்னில் அந்த உறை இருக்கக் கூடாது. மூன்றிலும் உறை போட்டிருந்தால், செய்தவருக்கு எர்த் எதற்கென்றே தெரியவில்லை என்று பொருள். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டும், 13 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பிஎஸ் 1363 என்ற எண்ணைத் தேடுவார்கள், அதுதான் பிரிட்டனின் பிளக் தரம். சாவிக்கொத்தில் சின்னக் காந்தம் இருந்தால் பின்னில் ஒட்டிப் பாருங்கள். நல்ல பின் பித்தளை, காந்தம் ஒட்டாது. ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு.

உடம்பில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் பாருங்கள், வாட்ஸை மட்டும் நம்ப வேண்டாம். 10 ஆம்பியர் அடாப்டர் 240 வோல்ட்டில் 2400 வாட்ஸ் தாங்கும், ஆனால் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 1200தான். அட்டையில் பெரிய எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும் சிஇ முத்திரை மட்டும் இருந்தால் அதில் மயங்காதீர்கள், இதுபோன்ற பொருள்களில் அது தயாரித்தவர் தாமே போட்டுக்கொள்வது. இங்கேயே புது சார்ஜர் வாங்குவதானால் அதில் 'ஆர்' எழுத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் யார் செய்தது என்று வரும்.

அப்படியானால் சோப்பு டப்பாவை யாருமே வாங்கக் கூடாதா? ஒரே பயணத்தில் லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று சுற்றுகிறவர்களுக்கு அது வசதிதான். அப்போது பின்களைப் பூட்டும் வசதி உறுதியாக இருக்கிறதா, ஒரு நாட்டுப் பின் வெளியே இருக்கும்போது மற்றவை உள்ளேயே நிற்கின்றனவா, மாற்று ஃபியூஸ் தருகிறார்களா என்று பாருங்கள். பயண அடாப்டருக்கென்றே பிரிட்டன் வகுத்த பிஎஸ் 8546 என்ற தரம் இருக்கிறது. அந்த எண் இருந்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம். அப்போதும் போன், கேமரா அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடாப்டரே வேண்டாத வழி

எனக்குப் பிடித்த வழி இதுதான். லேப்டாப் சார்ஜரைப் பாருங்கள். நடுவில் செங்கல் போல ஒரு கட்டி, அதிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று வரும். அதன் முனையில் பெரும்பாலும் மூன்று உருண்டைகள் மிக்கி மவுஸ் முகம் போல இருக்கும். கடைகளில் மிக்கி மவுஸ் கேபிள் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். அந்த முனை உலகம் முழுக்க ஒன்றேதான், மாறுவது சுவர்ப் பக்கம் மட்டும். எனவே "யுகே பிளக் வச்ச மிக்கி மவுஸ் கேபிள்" என்று கேட்டு வாங்கி, சார்ஜரில் மாட்டிக்கொள்ளுங்கள். எர்த் உண்டு, ஃபியூஸ் உண்டு, ஆட்டம் இல்லை, எடையும் கூடவில்லை. அமெரிக்கா போகிறவர்களுக்கு மூன்று பின் 'பி' வகை கேபிள்.

போனுக்கும் லேப்டாப்புக்கும் யுஎஸ்பி-சி என்றால் 65 வாட்ஸ் அளவில் இரண்டு மூன்று துளை உள்ள ஒரே சார்ஜர் போதும். அதற்கு ஓர் அடாப்டர். முடிந்தது.

குடும்பமாகப் போகிறவர்கள் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பிளக்குக்கு மட்டும் ஓர் எர்த் உள்ள அடாப்டர் போட்டுவிடுவது உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சார்ஜர்களுக்கு மட்டும். ஒரு லேப்டாப், மூன்று போன் என்றால் எல்லாம் சேர்ந்து 150 வாட்ஸ் சுமார், 230 வோல்ட்டில் ஓர் ஆம்பியர்கூட இல்லை. அதே பாக்ஸில் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் போட்டால் கதை வேறு. அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்குவதும் வேண்டாம். வளைகுடா நாடுகளில் ஓர் அறையில் ஆறு பேர் தங்குகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். அடியில் இருக்கும் ஒன்றுதான் எல்லாருடைய சுமையையும் தாங்கிக்கொண்டு கருகும்.

மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள், அடாப்டரை முதல் வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போனதும் அந்த ஊர்க் கேபிளும் அந்த ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் சேஃப்டி மார்க் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

போன இடத்தில்

பேனா வித்தை வேண்டாம். ஜி வகைப் பிளக் பாயிண்ட்டில் கீழ்த் துளைகளுக்கு உள்ளே ஒரு மூடி இருக்கும், நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். நம் ஆட்கள் மேல் துளையில் பேனா மூடியைச் செருகி அதைத் திறந்து, இரண்டு பின் சார்ஜரை நுழைத்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்த மூடி குழந்தைகள் விரல் விடாமல் இருக்க வைத்தது. தவிர, மெல்லிய பின் சதுரத் துளையில் இறுக்கமாக உட்காராது. மறுபடியும் அதே ஆட்டம், அதே சூடு.

அமெரிக்காவில் சுவரில் பிளக் பாயிண்ட்டுக்கென்று சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. செருகியதும் கரண்ட் வந்துவிடும். சின்னப் பொறி தெரிந்தால் திடுக்கிட வேண்டாம். கை ஈரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் முதல் நாள் அரை மணி நேரம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாவிட்டால் கழற்றிவிடுங்கள், இரவில் தலைமாட்டில் விடாதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. 20,000 எம்ஏஹெச் என்றால் சுமார் 74 வாட்-மணி. அடாப்டரையும் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி வராமல் போகும் நாளில் போனுக்கு உயிர் வேண்டுமே.

மான்செஸ்டர் பையனின் டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. பணம் தர மாட்டேன், வேறு பொருள் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்களாம். மிக்கி மவுஸ் கேபிள் ஒன்றும் ஜி வகை அடாப்டர் ஒன்றும் எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். கிளம்பும் முன் அடாப்டரின் முதுகில் பளிச்சென்று ஆரஞ்சு டேப் ஒட்டிக் கொடுத்தேன். வெள்ளைச் சுவரில் வெள்ளை அடாப்டர் கண்ணில் படாது. என்னுடையது இரண்டு, இன்னும் ஏதோ ஓட்டல் சுவர்களில்தான் இருக்கின்றன.